வண்டிக்குப் பின்னால் கேட்ட தட்டல்

நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். என் தம்பியே பாதி நாள் நம்புவதில்லை. "அக்காவுக்கு ஒரு வண்டி பார்த்து வாங்கத் தெரியலை, அதான் பேய் மேல பழி போடுது" என்று ஆட்களிடம் கிண்டல் செய்வான். ஆனால் அவன் இன்றைக்கும் எந்த வண்டிக்குப் பின்னாலும் குனிய மாட்டான். செருப்பு வார் அறுந்தால்கூட நடைபாதை ஓரம் போய்த்தான் குனிவான். ஏன்டா என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுவான்.

எனக்குக் கண்ணாடிக் கடை. ஜன்னல், கதவு, கடை முகப்பு எல்லாவற்றுக்கும் அளவெடுத்து, அறுத்து, கொண்டுபோய் மாட்டிக் கொடுப்போம். வண்டி ஓட்டுவது நான். பின்னால் பாடியில், கண்ணாடியைச் சாய்த்து வைக்கிற ஸ்டாண்டைப் பிடித்துக்கொண்டு நின்று வருவது தம்பி. ஆளுயரக் கண்ணாடிக்கும் அவனுக்கும் நடுவில் ஒரு ரப்பர் துண்டுதான் இருக்கும். வண்டி குலுங்கினால் அத்தனையும் அவன் மேல் சாயும். அதனால் முன்பக்கம் எப்படி இருக்கிறது என்று நான் பார்ப்பதே இல்லை. என் தம்பி நிற்கிற இடம்தான் எனக்கு வண்டி.

பழைய பிக்கப்பின் சேஸிஸ் விரிசல் விட்டது. வெல்டர் அடியில் படுத்துப் பார்த்துவிட்டு எழுந்து, "இனிமே இதுல ஆளை ஏத்தாதீங்க" என்றார். அதோடு ஆரம்பித்தது தலைவலி. ஒரு பள்ளிக்கூடக் கட்டடத்தின் ஜன்னல் கண்ணாடி மொத்தமும் எங்கள் ஆர்டர். அறுத்து அடுக்கியாகிவிட்டது, கொண்டுபோகத்தான் வண்டி இல்லை. வாடகை வண்டியில் அனுப்பினால் பாதி தூளாகப் போய்ச் சேர்ந்தது. இன்ஜினியர் தினமும் போன் செய்தார். "என்னம்மா, கண்ணாடி வருமா? இல்ல ஜன்னலுக்கு அட்டை ஒட்டிக்கட்டுமா?"

முதல் ஷோரூமில் புது டபுள் கேபின் காட்டினார்கள். பளபளவென்று நின்றது. விற்கிறவர் என் தம்பியைப் பார்த்து, "சார், அஞ்சு பேர் சவுகரியமா உக்காரலாம்" என்றார். பாடி எவ்வளவு நீளம் என்று நான் கேட்டேன். பதிலை அவர் தம்பிக்குச் சொன்னார். எங்கள் கண்ணாடி அதைவிட ஒரு முழம் அதிகம்.

"மீதி வெளிய நீட்டிக்கிட்டு வரட்டும் சார். சிவப்புத் துணி கட்டிட்டா போச்சு."

கண்ணாடிக்குச் சிவப்புத் துணியாம். வாயைத் திறந்தால் வம்பு என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். "மேடம் அதுவரைக்கும் கலர் பாருங்களேன்" என்று என் கையில் ஒரு அட்டையைத் திணித்தார்.

அடுத்த ஷோரூமில் எல்லாமே சரியாக இருந்தது. சிங்கிள் கேபின், நீளமான பாடி, மெத்தென்ற ஸ்பிரிங். கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்த பிறகுதான் சொன்னார்கள், வண்டி வர நாலு மாதம் ஆகுமாம். அதற்குள் பள்ளிக்கூடமே திறந்து பரீட்சையும் முடிந்துவிடும். அதற்குப் பக்கத்திலேயே ஒரு குட்டி வண்டி இருந்தது. நான் பாடியில் ஏறி நின்றுகொண்டு ஒரு சுற்று ஓட்டச் சொன்னேன். இறங்கும்போது பல் எல்லாம் தனித்தனியாக ஆடின. பேட்டரி வண்டி ஒன்று பூனை மாதிரி சத்தமில்லாமல் போனது. பாரம் ஏற்றி மேட்டில் விட்டதும் பூனை மாதிரியே படுத்துக்கொண்டது.

சரி, பழையதே பார்ப்போம் என்று இறங்கினோம். ஒன்றில் மீட்டர் கொஞ்சம்தான் ஓடியதாகக் காட்டியது. ஆனால் பிரேக் பெடலின் ரப்பர் வழுக்கையாகத் தேய்ந்திருந்தது. இன்னொன்றில் கால் மிதியைத் தூக்கினால் அடியில் வெள்ளச் சேறு. கேட்டால், "முன்னாடி வச்சிருந்தவர் தோட்டம் வச்சிருந்தாரும்மா" என்கிறார்கள். வெளியூரில் வேலை பார்க்கும் என் வீட்டுக்காரர் வேறு தினம் ஒரு வீடியோ அனுப்பினார். எந்த வண்டி நல்ல வண்டி என்று யாரோ நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு பேசுகிற வீடியோ. போனைத் தூக்கி எறியலாம் போல இருந்தது.

கடைசியாகப் போன பழைய வண்டி யார்டில்தான் அந்த வெள்ளை வண்டியைப் பார்த்தேன்.

யார்டுக்காரர் அதைக் காட்டவே இல்லை. நானாகத்தான் கண்டுபிடித்தேன். மூலையில், பின்பக்கம் சுவர்ப் பக்கமாக, கொஞ்சம் இடம் விட்டு நின்றது. சிங்கிள் கேபின், நீளமான பாடி. ஏறிக் குதித்துப் பார்த்தேன், ஸ்பிரிங் அருமை. பெடல் ரப்பரும் மீட்டரும் ஒத்துப்போயின. விலையும் கைக்கு எட்டியது.

"இதை ஏன் காட்டலை?" என்றேன்.

"நீங்க கேக்கலையே..."

கேபினின் பின்பக்க மூலையில், ஒரு உள்ளங்கை அளவுக்குப் பெயின்ட் தேய்ந்து தகரம் தெரிந்தது. தம்பி அதைப் பார்த்ததும் சிரித்துவிட்டான். எங்கள் பழைய வண்டியிலும் அதே இடத்தில் அதே தேய்மானம் உண்டு. பின்னால் நிற்கிற ஆள் ஓட்டுகிறவருக்குச் சைகையாகத் தட்டித் தட்டி வருவது அது. எங்கள் வீட்டுக் கணக்கில் ஒரு தட்டு என்றால் வா. இரண்டு தட்டு என்றால் நில். தம்பி வேலைக்கு வந்த புதிதில், நிறுத்தச் சொல்லும்போது பயந்துபோய் டபடபவென்று தட்டுவான். பயந்தவன் ஒரு தட்டோடு நிறுத்துவானா? அதனால் அப்படியே வைத்துக்கொண்டோம்.

"நம்மள மாதிரி ஆளுங்க வச்சிருந்த வண்டிக்கா" என்று தம்பி அந்த இடத்தைத் தடவிக் கொடுத்தான். அவனுக்கு அப்போதே வண்டி பிடித்துப்போயிற்று.

பாரம் ஏற்றிப் பார்க்காமல் வாங்க மாட்டேன் என்றேன். இரண்டு நாள் வைத்து ஓட்டிப் பார்த்துவிட்டுத் தரச் சொன்னார் யார்டுக்காரர். இதுவரை ஒருவரும் இப்படிச் சட்டென்று சம்மதித்ததில்லை. ஆனால் வண்டியை வெளியே எடுப்பதில் ஒரு கூத்து. கொஞ்சம் பின்னால் எடுத்து ஒடித்தால் நேராக வாசல். யார்டுக்காரர் அப்படிச் செய்யவில்லை. முன்னால் நின்ற மூன்று வண்டிகளை ஒவ்வொன்றாக நகர்த்தச் சொன்னார்.

"கொஞ்சம் பின்னாடி எடுத்தா போதுமே" என்றேன்.

"வேணாம்மா. முன்னாடியே போயிரலாம்."

வெயிலில் அரைமணி நேரம் நின்றேன். கடுப்பாக இருந்தது.

வழியில் கண்ணாடி வேறு தகராறு செய்தது. கேபினுக்குள் இருக்கிற, பின்னால் பார்க்கிற கண்ணாடி. நிமிர்த்தி வைப்பேன். கொஞ்ச நேரத்தில் தானாகக் கவிழ்ந்து சீட்டைக் காட்டும். திருகை இறுக்கினேன். மறுபடியும் கவிழ்ந்தது. கண்ணாடிக் கடைக்காரியிடமே கண்ணாடி வேலையைக் காட்டுகிறதே என்று தம்பி சிரித்தான். அவன் என் பக்கத்து சீட்டில்தான் இருந்தான். பாடி காலி.

சிக்னலில் நின்றபோது பின்னால் ஏதோ மெல்லத் தட்டியது.

"பின்கதவு லூஸ் போல" என்றான் தம்பி. எனக்கும் அப்படித்தான் பட்டது.

கடைக்கு வந்து சேரும்போது மாலை ஆறே முக்கால். கடையை ஒட்டி ஒரு சந்து. இரண்டு பக்கமும் சுவர், கடைசியிலும் சுவர். கண்ணாடி அடுக்கியிருக்கிற கிடங்கின் கதவு அந்தக் கடைசியில் இருக்கிறது. வண்டியைப் பின்னாலேயே உள்ளே விட்டுத்தான் பாரம் ஏற்ற வேண்டும். பத்து வருடமாக நான் செய்கிற வேலைதான். கண்ணை மூடிக்கொண்டு விடுவேன்.

அன்றைக்குச் சந்து விளக்கு எரியவில்லை. வண்டியின் பின் விளக்கும் ஒரு பக்கம்தான் எரிந்தது. பக்கத்துப் பட்டறையில் இரும்பு அறுக்கிற மெஷின் கிர்ர்ரென்று ஓடிக்கொண்டிருந்தது. தம்பி இறங்கி உள்ளே நடந்தான். போகிறபோதே, "வாக்கா, நிறைய இடம் இருக்கு" என்று கத்தினான்.

நான் பின்னால் எடுக்க ஆரம்பித்தேன். உள்கண்ணாடி மறுபடியும் கவிழ்ந்து கிடந்தது. பக்கக் கண்ணாடிகளில் சுவர் மட்டும் தெரிந்தது. வண்டி ஊர்ந்தது.

தட்... தட்.

இரண்டு தட்டு. சத்தத்தைவிட, முதுகுக்குப் பின்னால் தகரம் அதிர்ந்ததுதான் முதலில் தெரிந்தது. பிரேக்கை மிதித்தேன். வண்டி நின்றது.

காத்திருந்தேன். வழியைச் சரி செய்துவிட்டு ஒரு தட்டு தட்டுவான், மறுபடி எடுக்கலாம் என்று.

தட்... தட்.

"நின்னுட்டேன்டா" என்றேன்.

தட்! தட்!

இந்த முறை பலமாக. சீட்டே குலுங்கியது. எனக்குக் கோபம் வந்துவிட்டது. நாள் முழுக்க அலைச்சல், பசி, இவன் வேறு. நின்ற வண்டியை இன்னும் எங்கே நிறுத்துவது? இன்ஜினை ஓடவிட்டு, ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, கதவை ஒருக்களித்துத் திறந்து இறங்கினேன். சுவரோடு சுவராக ஒண்டி ஒண்டிப் பின்னால் போனேன்.

தம்பி பின்பக்கம் தட்டவில்லை.

அவன் வண்டிக்குப் பின்னால் குனிந்திருந்தான். சந்தின் கடைசிச் சுவரைப் பார்த்தபடி. பழைய மர ஸ்டாண்டு ஒன்று வழியில் சரிந்து கிடந்தது. இரண்டு கையையும் அதன் அடியில் கொடுத்துத் தூக்கிக்கொண்டிருந்தான். அவன் முதுகுக்கும் வண்டிக்கும் நடுவில் நாலு விரல் இடம் இருந்தது. அவனுக்கு முன்னால் சுவர்.

பட்டறை மெஷின் நின்றது. அப்போதுதான் அவன் திரும்பிப் பார்த்தான். வண்டி அவ்வளவு பக்கத்தில் வந்திருப்பது அப்போதுதான் அவனுக்குத் தெரிந்தது.

"நான் தட்டவே இல்லையேக்கா... எதுக்கு இவ்வளவு தூரம் வந்த?"

"நீதான வான்னு சொன்ன? அப்புறம் நிறுத்தச் சொல்லித் தட்டினியே."

"நான் எங்க தட்டினேன்? கை ரெண்டும் இதுக்கு அடியில இருக்கு..."

நாங்கள் இருவரும் பாடியைப் பார்த்தோம். காலி.

கேபினின் மூலையைப் பார்த்தோம். அந்தத் தேய்ந்த இடம் அரை இருட்டிலும் பளிச்சென்று தெரிந்தது.

தட்.

...தட்.

எங்கள் கண் முன்னால். அங்கே கை இல்லை. யாரும் இல்லை. தகரம் மட்டும் உள்ளே அமுங்கி வெளியே வந்தது.

எப்படி நகர்ந்தேன் என்று தெரியாது. கேபினுக்குள் ஏறி வண்டியை முன்னால் எடுத்தேன். தம்பி சந்தை விட்டு வெளியே ஓடிவந்து ரோட்டில் உட்கார்ந்துவிட்டான். தண்ணீர் கேட்டான். டம்ளர் பல்லில் இடித்தது.

கொஞ்ச நேரம் கழித்து அவனே சொன்னான். "காப்பாத்திருச்சுக்கா."

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. பயம் ஒரு பக்கம் இருந்தது. ஆனால் நெஞ்சு நிறைந்து அழுகையும் வந்தது. அந்த இரண்டு தட்டு இல்லாவிட்டால் என் காலாலேயே என் தம்பியைச் சுவரோடு நசுக்கியிருப்பேன். எத்தனை ஷோரூம், எத்தனை யார்டு. ஒரு பயலும் பின்னால் நிற்கிறவனைப் பற்றிக் கவலைப்படவில்லை. இந்த வண்டிதான் கவலைப்பட்டது. இதைத்தான் வாங்குகிறேன் என்று அப்போதே முடிவு செய்தேன்.

அன்றிரவு வண்டியைச் சந்துக்குள் நிறுத்தினோம். ஒரு தட்டும் கேட்கவில்லை. கியரில் போட்டு, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, பின் சக்கரத்துக்கு ஒரு கல்லும் வைத்தேன். சுவருக்கும் வண்டிக்கும் நடுவில் ஒரு ஆள் தாராளமாக நிற்கலாம்.

காலையில் கல் ஓரமாகப் போய்க் கிடந்தது. வண்டியின் பின்பக்கம் சுவரை முட்டிக்கொண்டு நின்றது.

சந்தில் சரிவு கிடையாது. தண்ணீர் ஊற்றினால் ஊற்றிய இடத்திலேயே நிற்கும்.

"பிரேக் கேபிள்தான்கா. பழைய வண்டின்னா ஒண்ணு ரெண்டு இருக்கும்" என்றான் தம்பி. இன்னொரு செலவா என்று எரிச்சலோடு யார்டுக்காரருக்குப் போன் போட்டேன். வண்டி தானாகப் பின்னால் நகர்ந்திருக்கிறது என்றேன்.

அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"பின்னாடி யாரும் நிக்கலையே?"

"இல்லை."

"அப்ப சரி."

என்ன சரி? எனக்குச் சுள்ளென்று ஏறியது. கேபிள் மாற்றித் தருகிறேன், வேண்டுமானால் விலையும் குறைக்கிறேன் என்று அவசரமாகச் சொன்னார். இரண்டாவது சாவி எங்கே என்று கேட்டேன். அது முதல் ஓனரிடமே இருக்கிறது, மெத்தைக் கடை வைத்திருக்கிறார், நேரில் போய் வாங்கிக்கொள்ளுங்கள் என்றார். போனை வைத்தேன். வண்டியைக் கொஞ்சம் முன்னால் நகர்த்திக் கிடங்குக் கதவுக்கு வழி விட்டேன். ஸ்டாண்டை ஏற்றி வைக்கும்படி தம்பியிடம் சொல்லிவிட்டு, நான் ஆட்டோவில் கிளம்பினேன்.

மெத்தைக் கடை பெரிய கடைதான். பட்டப்பகல். உள்ளே உறை பிரிக்காத மெத்தைகள் சுவர் முழுக்கச் சாய்ந்து நின்றன. கடைக்காரர் ஒற்றை ஆளாக இருந்தார். நரைத்த மீசை, சவரம் செய்யாத முகம். சாவியைக் கேட்டதும் மேசையைத் திறந்து எடுத்து வைத்தார். கொடுக்கவில்லை. கையை அதன் மேலேயே வைத்திருந்தார்.

"வண்டி எப்படிம்மா இருக்கு?"

சொல்லாமல் இருக்க முடியவில்லை. சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். "உங்க வண்டி என் தம்பி உயிரைக் காப்பாத்துச்சு சார்" என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். சந்து, இருட்டு, ஸ்டாண்டு, நாலு விரல் இடம். அவர் முகத்தில் சந்தோஷம் இல்லை.

"எத்தனை தட்டு?"

"ரெண்டு."

"ரெண்டு தட்டினா எதுக்கும்மா நிறுத்தினீங்க?"

"அது எங்க கணக்கு. ஒண்ணுன்னா வா. ரெண்டுன்னா நில்."

அவர் கையைச் சாவியிலிருந்து எடுத்துவிட்டார்.

"எங்க கணக்கு அப்படி இல்லம்மா" என்றார். "நான் ஓட்டுவேன். என் தம்பி பின்னாடி இருப்பான். ஒண்ணுன்னா நில்லு. ரெண்டுன்னா... பின்னாடி காலி, வா."

எனக்குப் புரியச் சில நொடிகள் ஆயின.

அது என்னை நிறுத்தவில்லை.

வா என்றது. வா என்றது. நான் நின்றதும், இன்னும் பலமாக, வா என்றது.

போனை எடுத்தேன். மூன்றாவது முறைதான் தம்பிக்கு மணி போனது.

"எங்கடா இருக்க?"

"பாடியில ஸ்டாண்டு கட்டிட்டு இருக்கேன். ஏன்கா?"

"பின்பக்கமா இறங்காத. கேபின் மேல ஏறி முன்னாடி குதிச்சு ரோட்டுக்கு வா. ஒண்ணும் கேக்காத."

"என்னக்கா இது..."

"வாடா!"

முணுமுணுத்துக்கொண்டே ஏறினான். தகரம் டமார் டமாரென்று அமுங்குவது கேட்டது. பிறகு அவன் குதித்த சத்தம். பிறகு ரோட்டில் ஏதோ ஒரு வண்டியின் ஹார்ன். அதைக் கேட்ட பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

மெத்தைக் கடைக்காரர் என்னைப் பார்க்கவில்லை. சாவியைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"எனக்கும் ரெண்டு தட்டுதான் கேட்டுச்சு. நம்பிப் பின்னாடி எடுத்தேன். என் தம்பி வண்டிக்கும் சுவருக்கும் நடுவுல நின்னுட்டு இருந்தான். அவனே தட்டிட்டு, நகர மறந்திருப்பான்னு எல்லாரும் சொன்னாங்க."

"அவர் தட்டலையா?" என்றேன்.

"என் தம்பி ரெண்டு கையாலயும் மெத்தையைப் பிடிச்சிருந்தான்மா" என்றார்.